ஹெப்ரானின் இடக்கை உறை

வெறுங்கையால் அடிமரத்தைத் தடவிக்கொண்டிருக்கிறார் ஹெப்ரான். முட்டி உயரத்தில் தொடங்கி, தலைக்கு மேல் கை எட்டுகிற மட்டும், பட்டையின் ஒவ்வொரு வெடிப்பிலும் விரலை விட்டுப் பார்க்கிறார். பார்க்கிறார் என்று சொன்னேனே தவிர, கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் இந்த வேலை நடக்கும். எங்காவது புடைப்பாகத் தட்டுப்பட்டால் அங்கேயே நின்று, கோடரியின் பின்பக்கத்தால் பைய ஒரு தட்டுத் தட்டி, காதை மரத்தோடு ஒட்ட வைக்கிறார். மரம் அறுக்கிற மிஷின் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுக்க வைக்கப்பட்டிருக்கிறது. தோல் கை உறைகள் இரண்டும் இடுப்பு பெல்ட்டில் தொங்குகின்றன. "மரத்த அறுக்க வந்தீரா, மாட்டுக்கு வெல பேச வந்தீரா வே?" என்று கேட்காத வீட்டுக்காரர் தாமிரபரணிக் கரையில் கிடையாது. அவர் அடுத்த வெடிப்புக்கு விரலை நகர்த்துவார்.

அவர் தேடுவது ஆணி. துணிக்கொடி கட்ட அடித்த ஆணி, தேர்தல் விளம்பரத் தட்டி மாட்டிய ஆணி, இவற்றால் தொல்லையில்லை. கண்ணுக்குத் தெரியும், குறடு போட்டுப் பிடுங்கிவிடலாம். தெரியாமல் கிடப்பது பேயாணி. பேய் பிடித்தவரைப் புளியமரத்தடிக்குக் கூட்டிப் போய், உச்சிமுடியை ஆணியில் சுற்றி மரத்தில் அறைந்து, முடியை அறுத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வீட்டுக்கு அழைத்து வருவார்கள். அடிக்கிறவன் ஆழ இறங்கும்படிதான் அடிப்பான். நாலைந்து மழை பார்த்ததும் பட்டை மூடிக்கொள்ளும். அப்புறம் அந்த மரத்தில் ஆணி இருப்பது அடித்த குடும்பத்துக்கு மட்டும்தான் தெரியும். குடும்பம் வாய் திறக்காது. ஆணி இருக்கிறது என்றால் யாருடைய தலைமுடி என்று அடுத்த கேள்வி வருமே.

மிஷினில் வேகமாகச் சுற்றுகிற பல்வைத்த சங்கிலி அந்த இரும்பில் மோதினால் என்ன ஆகும் என்பதை ஹெப்ரான் நேரில் பார்த்திருக்கிறார். முன்பு அவரும் தேவசிகாமணி என்பவரும் கூட்டாகத் தொழில் செய்தார்கள். ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில் ஒரு தோப்பில் தேவசிகாமணி மரம் அறுத்துக்கொண்டிருந்தபோது மிஷின் துள்ளியது. இடக்கை பிடியிலிருந்து நழுவிச் சங்கிலிமேல் விழுந்தது. கையில் உறை கிடையாது. வேட்டியைக் கிழித்துச் சுற்றி, மாட்டு வண்டியிலும் பிறகு பஸ்ஸிலுமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவர் ஹெப்ரான்தான். தேவசிகாமணி இப்போது பாளையங்கோட்டையில் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறார். வலக்கையால் மட்டும். ஹெப்ரான் அந்தக் கடைத்தெருவுக்குப் போனால் எதிர்வரிசையோடு நடந்துவிடுவார்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கை உறைகள் வந்தன. தூத்துக்குடியில் கப்பல் சாமான் விற்கிற பழைய கடை ஒன்றில் கிடைத்தவை. இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்தால் தப்பு. வலக்கை உறை வெறும் தோல். இடக்கை உறையின் புறங்கைப் பக்கம் மட்டும் தடிப்பாக, உள்ளே என்னவோ திணித்துத் தைத்திருக்கும். மிஷினைப் பிடிக்கும்போது வலக்கை பின்னால் இருக்கும், சங்கிலிக்குப் பக்கத்தில் போவது இடக்கைதான். "உள்ள நூலு மாதிரி ஒரு சாதனம் இருக்கு சார்வாள். சங்கிலி தோலக் கிழிச்சதும் அந்த நூலு வெளிய வந்து பல்லுல சுத்திக்கிடுமாம். மிஷின் அப்படியே நின்னு போவுமாம். கடைக்காரன் சொன்னான்." இதைச் சொல்லிவிட்டு அவர் என் முகத்தையே பார்ப்பார். ஆமாம், அப்படித்தான் என்று நான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறவனுக்குச் சங்கிலியைப் பற்றி என்ன தெரியும்? ஆமாம் என்று சொல்லிவைப்பேன். அவர் முகம் கொஞ்சம் தெளியும்.

எங்கள் தச்சநல்லூர் வீட்டில் மதில்மேல் சாய்ந்த நாட்டுவாதாம் மரத்தை வெட்ட வந்தபோதுதான் அவர் எனக்குப் பழக்கம். நாற்பதைத் தாண்டியவர். ஒடிசலான உடம்பு, தோள் மட்டும் அகலம். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்குப் போகையில் தலையில் எண்ணெய் வைத்து வகிடெடுத்து, சட்டைக் கையின் பொத்தானைக்கூட மாட்டிக்கொண்டு போவார். அன்றைக்குப் பார்த்தால் பத்திரம் எழுதுகிற ஆபீசுக்குப் போகிறார் என்பீர்கள். வேலை நாளில் ஆளே வேறு. குரல் இறங்கிவிடும். சோறு இறங்காது. "வேலைக்குப் போற அன்னைக்கி அவுக ஒரு வாய் திங்க மாட்டாக. வந்துதான் சாப்பாடு. வார வரைக்கும் நானும் சாப்பிட மாட்டேன்" என்றார் அவர் மனைவி ரீபா. சாயங்காலம் கை உறைகளை அந்தம்மாள்தான் உள்பக்கம் வெளியே திருப்பி, நிழலில் உலர்த்தி வைக்கிறார். நம்மூர் வெயிலில் தோல் உறைக்குள் கை வெந்துவிடுகிறது. உறையைக் கழற்றினால் விரல்கள் வெளுத்துச் சுருங்கி, வண்ணாத்துறையில் நாள் முழுக்க நின்றவன் விரல் மாதிரி இருக்கும்.

கயிறு கட்டி இழுக்கிற வேலைக்கு அசன் மைதீன் என்றொருவர் கூட வருகிறார். வாய்க்காரர். மரத்தில் ஏறி உச்சியில் கயிற்றைக் கட்டிவிட்டு அங்கிருந்தே பேசுவார். "என்னவே, மாப்பிள்ள மாதிரி கிளவுசு எல்லாம் போட்டாச்சா? மோதிரம் மாத்திருவோமா?" கீழே இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். ஹெப்ரானும் சிரிக்கத்தான் செய்வார். ஆனால் இடக்கை உறையை ஒவ்வொரு விரலாக இழுத்துவிட்டு, மணிக்கட்டில் வாரைக் கட்டி, கட்டினதை அவிழ்த்து மறுபடியும் கட்டுவார். ஒருமுறை நான் சும்மா இராமல், பேய்க்குப் பயமா என்று கேட்டுவிட்டேன். "பேயக் கர்த்தரு பாத்துக்கிடுவாரு சார்வாள். ஆணிய அவரு எங்கிட்டல்லா விட்டிருக்காரு" என்றார்.

தடவிப் பார்த்து முடித்ததும் இரண்டு இடத்தில் விசாரிப்பார். முதலில் வாசலில் ஆண்களிடம். பிறகு, செருப்பைக் கழற்றிவிட்டு, புறவாசல் பக்கம் போய்ப் பெண்களிடம். "ஆம்பளைக்குக் கௌரவம் உண்டும். பொம்பளைக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டும்" என்பது அவர் கணக்கு. "மைனி, மரத்துல ஆணி ஏதும் உண்டுமா? உண்டும்னா விரலால காட்டுனாப் போதும், வாயத் தெறக்காண்டாம்" என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்பார். சில வீடுகளில் ஒரு விரல் நீளும். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் வந்து, அந்த இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிட்டு, அதைத் தொடாமல் சற்று மேலே தள்ளி அறுப்பார்.

போன கார்த்திகையில், எங்கள் தெருவுக்குப் பின்னால் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்கிற சுடலையாண்டி அண்ணாச்சி வீட்டில் என்ன நடந்தது என்பதைச் சொல்லாவிட்டால் இந்த மனிதரைப் பாதிதான் சொன்னதாக ஆகும்.

விடாத மழை. அண்ணாச்சி வீட்டுக் கொல்லையில் நின்ற புளியமரம் நடுவில் பிளந்து வீட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டது. அதன் நிழல் விழுகிற அறையில்தான் கல்யாண வயதுப் பெண் படுக்கிறாள். இன்னொரு மழை தாங்காது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆளனுப்பியதும் ஹெப்ரான் வந்தார். நான் வேடிக்கை பார்க்கப் போனேன். கொல்லையில் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெண்ணுக்குப் பேசி வைத்திருக்கிற மாப்பிள்ளையின் தாய்மாமன். நிச்சயத்துக்கு நாள் பார்க்க வந்தவர், மழைவிட்ட நேரத்தில் மரம் விழுவதையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருந்துவிட்டார்.

ஹெப்ரான் தடவினார். வீட்டுச் சுவர்ப் பக்கம் மட்டும் மரம் சுவரோடு நெருங்கிக் கிடந்தது. விரல் போயிற்று, கை போகவில்லை. அந்த இடத்தில் அவர் நின்ற நேரம் அதிகம்.

"ஆணி ஏதும் உண்டுமா அண்ணாச்சி?"

"ஆணியா? எங்க குடும்பத்துல அந்த மாதிரி சோலியே கெடையாது வே" என்றார் சுடலையாண்டி. கேட்டவருக்குச் சொன்ன குரலாக இல்லை, நாற்காலியில் இருந்தவருக்கும் சேர்த்துச் சொன்ன குரல்.

ஹெப்ரான் செருப்பைக் கழற்றிவிட்டுப் புறவாசலுக்குப் போனார். அண்ணாச்சியின் மனைவி பேச்சித்தாய் சுளவில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் சுளவு நின்றது. அந்தம்மாள் கொல்லையை எட்டிப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் புடைக்கத் தொடங்கினார்.

திரும்பி வந்த ஹெப்ரானின் உதடு வறண்டிருந்தது. என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "இல்லைன்னு சொல்லல சார்வாள். தெரியாதுங்காங்க. அவங்க வீட்டு மரம், அவங்களுக்குத் தெரியாதா?"

நாளைக்கு வைத்துக்கொள்ளலாம், சுவர்ப் பக்கம் கொஞ்சம் பட்டையை உரித்துப் பார்த்துவிட்டு அறுக்கலாம் என்று அண்ணாச்சியிடம் கேட்டுப் பார்த்தார். கிழக்கே மறுபடியும் கருத்துக்கொண்டு வந்தது. "ராத்திரி மரம் எம்பொண்ணு மேல விழுந்தா நீரு வந்து தூக்குவீரா? பயமா இருந்தாச் சொல்லும்வே, வேற ஆளப் பாக்கேன்" என்றார் சுடலையாண்டி. நாற்காலிக்காரர் லேசாகச் சிரித்தார். அசன் மைதீன் வழக்கமான கேலி இல்லாமல் மரத்தில் ஏறிக் கயிற்றைக் கட்டிவிட்டு இறங்கினார்.

இடக்கை உறையை முதலில் போட்டார். வாரைக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடியும் கட்டினார். உதடு மட்டும் அசைந்தது. மிஷின் உறுமிக்கொண்டு எழுந்தது. மரத்தூள் அவர் காலடியில் செக்கச் செவேலென்று கொட்டியது. நான் மதிலோரம் நின்றேன். என்னவோ என் கைகள் இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். அவருக்கு இருக்கிற பயம் பக்கத்தில் நிற்கிறவனைத் தொற்றாமல் விடாது. சங்கிலி மரத்தின் வைரம் பாய்ந்த நடுவுக்குள் இறங்குகிற சத்தம் கனத்துக்கொண்டே போயிற்று. சுவர்ப் பக்கத்தை நெருங்குகிறது என்று தெரிந்தது.

கீச்சென்று ஒரு சத்தம். பொறி பறந்தது. மிஷின் அவர் முகத்துக்கு நேராகத் துள்ளியது. அவர் இடக்கை பிடியிலிருந்து தெறித்துச் சங்கிலிமேல் போனதை என் கண்ணால் பார்த்தேன். மறு நொடி எல்லாம் அடங்கிவிட்டது. மிஷின் நின்றுவிட்டது. காக்கைச் சத்தம் கேட்டது.

ஹெப்ரான் நின்ற இடத்திலேயே நின்றார். இடக்கையை முன்னால் நீட்டியிருந்தார், முகத்தை மறுபக்கம் திருப்பியிருந்தார். உறையின் புறங்கை கிழிந்து, உள்ளிருந்து வெள்ளை வெளேரென்று நூல் கற்றை கற்றையாக வந்து சங்கிலியின் பற்களில் சுற்றிக் கிடந்தது. யாருக்கும் பக்கத்தில் போகத் துணிவில்லை.

"சார்வாள், நீங்க பாத்துச் சொல்லுங்க. இருக்கா?"

அந்தக் குரலை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றேன். அசன் மைதீன் நூலைக் கத்தியால் அறுத்துவிட்டார். வாரை அவிழ்த்தேன். உறையை இழுக்க எனக்குக் கை வரவில்லை. இழுத்தால் உறையோடு என்ன சேர்ந்து வருமோ என்று இருந்தது. சுண்டுவிரல் பக்கமிருந்து ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். அவர் கண்ணைத் திறக்கவேயில்லை. உறை வந்தது. வெளுத்துச் சுருங்கிய விரல்கள். புறங்கையில் நீலமாக ஒரு வீக்கம், ஒரு கீறல், அவ்வளவுதான்.

"இருக்கு" என்றேன்.

"எல்லாமா?"

"எல்லாம் இருக்கு ஹெப்ரான்."

அவர் அப்படியே மரத்தூளில் உட்கார்ந்துவிட்டார். கை மட்டும் உட்காரவில்லை, தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. மறு கையால் அதைப் பிடித்தார். இரண்டும் சேர்ந்து ஆடின.

அசன் மைதீன் ஆப்பு வைத்து வெட்டுவாயைப் பிளந்து, குறட்டால் கவ்வி இழுத்தார். கொல்லன் பட்டறையில் அடித்த பழைய தடி ஆணி வந்தது. சங்கிலி பட்ட இடத்தில் பளபளவென்று ஒரு வெட்டு. கொண்டைக்குக் கீழே, பிசின் பிடித்து, கருப்பாக ஒரு சுருள். என்னவென்று எல்லோருக்கும் தெரிந்தது. சுடலையாண்டி என்னமோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பேச்சித்தாய் கொல்லைக்கு வந்துவிட்டார்.

முதலில் ஹெப்ரானின் கையைத்தான் பார்த்தார். விரல்கள் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, பிறகுதான் ஆணியைப் பார்த்தார். "அது எம் முடி" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

"உள்ள போ" என்றார் சுடலையாண்டி.

"நான் போகல. ஒரு மனுசன் கை போயிருக்கும்லா. ரெண்டாவது பிள்ள செத்துப் பொறந்தப்ப நான் ராத்திரியெல்லாம் ஆத்துக்கு ஓடுவேன். பாபநாசத்துலேருந்து கோடாங்கியக் கூட்டிட்டு வந்து இங்கன அடிச்சாங்க. அதுக்குப் பெறகுதான் உறங்குனேன்." அதுவரை நேராக வந்த குரல் அங்கே உடைந்தது. "இப்பம் ஆணியப் பிடுங்கியாச்சே. இனிமே அது எங்க போவும்? எங்கிட்டதான வரும்?"

எல்லோரும் நாற்காலியைப் பார்த்தோம். மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். போச்சு, சம்பந்தம் முறிந்தது என்றுதான் நான் நினைத்தேன். அவர் தொண்டையைக் கனைத்தார். "எங்க வீட்டு வேம்புலயும் ஒண்ணு கெடக்கு. எங்க அம்மைக்கு அடிச்சது. இதுக்குப் போயி என்ன அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் உட்கார்ந்துகொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இதற்காகவா ஒரு மனிதரின் கையைப் பணயம் வைத்தீர்கள், பாவிகளா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் பாதி அறுத்த மரம் தலைக்கு மேல் நின்றது.

அதை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. ஹெப்ரான் வேறு சங்கிலி மாட்டினார். கிழிந்த உறைக்குள்ளேயே கையை விட்டார். வெட்டுவாய்க்கு மேலாகப் புதிதாக அறுத்தார். அசன் மைதீனோடு நாலு பேர் சேர்ந்து கயிற்றை இழுத்தார்கள். ஓட்டுக்கூரையைத் தொடாமல் மரம் கொல்லையில் விழுந்தது. மழை தூறத் தொடங்கிவிட்டது. அண்ணாச்சியின் ஆட்கள் கிளைகளைக் கழிக்க ஓடினார்கள்.

பேச்சித்தாய் மட்டும் உள்ளே போகவில்லை. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, சாக்கின்மேல் கிடந்த ஆணியை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார். பெண் வந்து கூப்பிட்டாள், வரவில்லை. புருஷன் வந்து, எல்லாம் பழைய காலத்துப் பேச்சு என்றார். அதற்கும் அசையவில்லை. அந்தப் பயத்தைச் சமாதானம் சொல்லித் தீர்க்கக்கூடியவர் அங்கே யாருமில்லை.

மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்த ஹெப்ரான் அதைக் கீழே வைத்தார். ஆணியை எடுத்தார். துணி துவைக்கிற கல்லில் வைத்து, கோடரியின் பின்பக்கத்தால் தட்டி நிமிர்த்தினார். முடிச் சுருள் கழன்று விழாமல் விரலால் அமுக்கிக்கொண்டார். மண்ணில் வேரோடு நிற்கிற அடிக்குற்றியின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"எங்கன மைனி?"

அந்தம்மாள் நெருங்கி வந்து, நடு வைரத்தில் ஓரிடத்தைக் காட்டினார்.

"என்னவே, நீரா ஆணி அடிக்கீரு?" என்றார் அசன் மைதீன். குரலில் கேலி இல்லை.

ஹெப்ரான் இடக்கை உறையைக் கழற்றிப் போட்டார். வெறுங்கையால் ஆணியை அந்த இடத்தில் நட்டுப் பிடித்தார். கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. ஆணியின் முனை மரத்தில் நிற்காமல் டக்டக்கென்று தட்டியது. அவர் கோடரியைத் திருப்பிப் பிடித்து, அந்த ஆடுகிற விரல்களுக்கு நடுவே ஓங்கி அடித்தார்.